சிஹூ ஏரிக்கரைச் சமாதி: தைப்பேயிலிருந்து ஒரே நாளில் போய்வர

தைவானின் முன்னாள் அதிபர் சியாங் கை-ஷேக்கின் சமாதி, தாவோயுவான் மாநகரத்தின் டாஷி வட்டாரத்தில், மலையடிவாரத்து ஏரி ஒன்றின் கரையில் இருக்கிறது. இடத்தின் பெயர் சிஹூ. 1975-இல் இறந்தவரின் உடல், கற்பேழைக்குள் வைத்து, அவர் தங்கிவந்த முற்றத்து வீட்டிலேயே இன்றுவரை இருக்கிறது, மண்ணில் புதைக்கப்படவில்லை. பக்கத்திலேயே, நாடெங்கும் அகற்றப்பட்ட அவருடைய சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்திய பூங்கா. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

சமாதியைப் பார்க்க இருபது நிமிடம் போதும். ஆனால் தவறான ஊருக்கு ரயிலேறுவது, சமாதியில் வீரர்கள் அணிவகுத்துப் பணி மாறும் காவலர் மாற்றத்தைக் கொஞ்ச நேரத்தில் தவறவிடுவது, முன்னனுமதி கேட்கும் பகுதியின் வாசலில் வெறுங்கையோடு நிற்பது என்று நாளைக் கெடுக்கும் வழிகள் பல. எந்த மணிக் காவலர் மாற்றத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற நேரங்களை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

1. சரியான இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் சறுக்குவது இந்த முதல் படியில்தான். நான்கு குழப்பங்கள் உண்டு.

தைப்பே நகர நடுவில் சியாங் கை-ஷேக் நினைவு மண்டபம் இருக்கிறது. வெள்ளைச் சுவர், நீலக் கூரை, அதே பெயரில் மெட்ரோ நிலையம். அங்கே உடல் இல்லை, சமாதியும் இல்லை. டாக்சியில் ஏறி “சியாங் கை-ஷேக்” என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் அங்கேதான் இறக்கிவிடுவார். அவர்மேல் தப்பில்லை.

அடுத்தது கின்மென் தீவு. அங்கேயும் சிஹூ என்ற பெயரில் ஓர் ஏரி உண்டு, எழுத்தும் அதேதான். வரைபடம் விமானப் பயணத்தைக் காட்டினால் நீங்கள் குறித்திருப்பது அந்த ஏரியை.

டாஷி என்ற பெயரில் ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. அது தீவின் வடகிழக்கே, யீலான் கடற்கரையில். அலைச்சறுக்குக்காரர்கள் இறங்கும் இடம். தாவோயுவானின் டாஷிக்கு ரயிலே கிடையாது. ரயில் செயலியில் டாஷி என்று தட்டி, பயணச்சீட்டும் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தால் கடலைப் பார்த்துத்தான் நிற்பீர்கள்.

நான்காவது தாவோயுவான் என்ற பெயர். சர்வதேச விமான நிலையம், அதிவேக ரயில் நிலையம், சாதாரண ரயில் நிலையம் மூன்றுக்கும் இதே பெயர்தான். மூன்றும் மூன்று இடங்களில் இருக்கின்றன. சமாதி இவற்றில் எதற்கும் நடை தூரத்தில் இல்லை.

“சிஹூ சமாதி, டாஷி, தாவோயுவான்” என்பதன் சீன எழுத்து வடிவத்தைத் ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்துவையுங்கள். வாயால் சொல்ல வேண்டி வந்தால் “ட்ஸ்-ஹூ” என்பது ஓட்டுநர்களுக்குப் புரியும். “சிஹூ” என்று அழுத்திச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது.

2. தைவானுக்குள் நுழையும் ஆவணங்கள்

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் போகலாம். அடுத்த படிக்குத் தாண்டிவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள், ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இவற்றில் ஒன்றின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ உங்களிடம் இருந்தால், இணையத்திலேயே பயண அங்கீகாரச் சான்றிதழ் பெற முயலலாம். பழைய விசா காலாவதியாகியிருந்தாலும் பத்தாண்டுக்குள் என்றால் பொதுவாக ஏற்கிறார்கள். சான்றிதழ் 90 நாள் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாள் தங்கலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது இடைத்தரகரின் தளம். தைவான் குடிவரவு முகமையின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். கிடைத்த சான்றிதழை அச்செடுத்துக்கொண்டு போங்கள். இங்கே விமானம் ஏற்றும் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

இந்தத் தகுதி இல்லாதவர்கள் தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையத்தில் விசா பெற வேண்டும். சென்னையிலேயே அதன் அலுவலகம் உண்டு. மேற்சொன்ன இணையச் சான்றிதழ்ப் பட்டியலில் இலங்கை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் வழக்கமான விசாவுக்கே நேரம் ஒதுக்குங்கள்.

இனி நம் ஊர்ச் சிக்கல். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் நம்மில் ஏராளம். இணையப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. அங்கே அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள், இனிஷியலை விரிக்காதீர்கள். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு வரும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதையே விமானச்சீட்டு, சான்றிதழ், படி 4-இல் வரும் அனுமதி மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் கேள்வி வராது. வருகை அட்டையையும் தைவான் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், அதுவும் இலவசம்.

3. எந்த நாள் போவது

செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்ல நாட்கள். சனி, ஞாயிறில் பேருந்துகள் அதிகம், ஆனால் மலைக்குப் போகும் 7-ஆம் எண் நெடுஞ்சாலையில் டாஷிக்கு அப்பால் வண்டிகள் ஊர்ந்து போகும்.

ஏப்ரல் 5-ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். அது அவர் இறந்த நாள் மட்டுமல்ல, நாடு முழுவதும் மூதாதையர் கல்லறைக்குப் போகும் விடுமுறைக்காலமும்கூட. சந்திரப் புத்தாண்டு வாரமும் வேண்டாம். பிப்ரவரி 28, அவருடைய ஆட்சி 1947-இல் நடத்திய படுகொலையின் நினைவுநாள், அரசியல் சூடான நாள். 2018-இல் அந்த நாளில்தான் இளைஞர்கள் சிலர் உள்ளே புகுந்து பேழைமேல் சிவப்புச் சாயம் வீசினார்கள், அதைத் தொடர்ந்து உள்ளறை மூடப்பட்டது. அக்டோபர் 31 அவருடைய பிறந்தநாள். ஆதரவாளர்களைப் பார்க்க வேண்டும் என்றால் அன்று போகலாம், அமைதி வேண்டும் என்றால் கூடாது.

மழையை மறக்காதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடதைவானில் நசநசவென்று தூறல், மே-ஜூனில் பருவமழை, ஜூலையிலிருந்து புயல்கள். புயல் எச்சரிக்கை நாளில் அரசு விடுமுறை அறிவித்துவிட்டால் பேருந்துகளும் குறையும், சுற்றுலா இடங்களும் மூடும். குளிரோ மழையோ அதிகம் இல்லாத அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் முடிய உள்ள நாட்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

4. பின் சிஹூவுக்கு முன்கூட்டியே அனுமதி

சமாதிக்கு அப்பால் இன்னொரு ஏரி இருக்கிறது, அதுதான் பின் சிஹூ. போர் வந்தால் ஆட்சியை நடத்துவதற்காகக் கட்டிய அலுவலகக் கட்டடங்கள் ஐந்தும், குண்டுவீச்சுக் காலச் சுரங்கமும் அங்கே உண்டு. பல்லாண்டு ராணுவப் பகுதியாக மூடிக் கிடந்ததால் காடு அப்படியே இருக்கிறது. பொதுமக்கள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. இணையத்தில் விண்ணப்பித்து, நாளும் வேளையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, வார இறுதி இடங்கள் முதலில் தீரும். கட்டணம் சுமார் 100 தைவான் டாலர்.

படிவத்தில் கவனிக்க வேண்டியவை:

அடையாள எண் கட்டத்துக்கு முன்னால் “வெளிநாட்டவர்” அல்லது “கடவுச்சீட்டு” என்ற தெரிவு இருக்கும். அதை மாற்றாமல் எண்ணைத் தட்டினால் ஏற்காது. தைவான் குடிமக்கள் எண்ணில் ஓர் எழுத்தும் ஒன்பது இலக்கமும். இந்தியக் கடவுச்சீட்டு எண்ணில் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். எண் தவறு என்று சிவப்பில் வந்தால் பூஜ்ஜியம் சேர்த்து நீட்டப் பார்க்காதீர்கள், தெரிவை மாற்றுங்கள்.

குழுவாகப் போனால் ஒவ்வொருவர் விவரமும் தனித்தனியாக வேண்டும். குழந்தைக்கும் வேண்டும்.

சேமித்த கையோடு உறுதிப்படுத்தும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பார்வையாளர் மையத்தில் அதையும், அசல் கடவுச்சீட்டையும் காட்ட வேண்டும். கடவுச்சீட்டை ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நகலோடு வருபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

விளக்கம் சீனத்தில்தான் நடக்கும். சீனம் தெரியாத முதல்முறைப் பயணிக்கு நேரம் குறைவென்றால் பின் சிஹூவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சிலைப் பூங்காவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

5. தைப்பேயிலிருந்து போகும் வழி

முதலில் ஈஸிகார்டு, மெட்ரோவிலும் பேருந்திலும் தட்டிப் போகும் பயண அட்டை. அட்டை விலை 100 தைவான் டாலர், அது திரும்ப வராது. மேலே 300 போட்டுக்கொண்டால் இந்த நாளுக்குத் தாங்கும். மெட்ரோ நிலையத்திலும் 7-இலெவன் கடையிலும் கிடைக்கும். பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். அட்டையை ஏறும்போது தட்டியதுபோல் இறங்கும்போதும் தட்டுங்கள். மறந்தால் அடுத்த பேருந்தில் அட்டை வேலை செய்யாமல் முரண்டு பிடிக்கும்.

தைப்பே மெயின் நிலையத்தில் நீலப் பாதை ரயிலில் ஏறி யோங்னிங்கில் இறங்க வேண்டும், அரை மணிக்குள் போய்விடலாம். டிங்பூ என்று பலகை போட்ட ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். பல ரயில்கள் ஃபார் ஈஸ்டர்ன் மருத்துவமனை நிலையத்தோடு முடிந்துவிடும், அங்கே இறங்கி அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டி வரும். மெட்ரோவுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சூயிங்கமும் கூடாது; அபராதம் 7,500 டாலர் வரை போகும்.

யோங்னிங்கிலிருந்து 710 எண் பேருந்து விரைவுச்சாலை வழியாக டாஷிக்குப் போகிறது. நெரிசல் இல்லாவிட்டால் அரை மணியிலிருந்து முக்கால் மணி. டாஷியிலிருந்து சிஹூ ஐந்து கிலோமீட்டர் அளவில்தான். அங்கே போகும் பேருந்துகளில் வெளியூர்க்காரருக்கு வசதியானவை சுற்றுலா ஷட்டில் வழித்தடங்களான 501, 502. ஆனால் இவை அடிக்கடி வருபவை அல்ல. வார நாளில் ஒன்றைத் தவறவிட்டால் நீண்ட காத்திருப்பு. டாஷியில் இறங்கியதும் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்தையும் சேர்த்து. பேருந்து வரும்போது கை நீட்டி நிறுத்த வேண்டும், சும்மா நின்றால் போய்விடும். ஷட்டிலுக்கு வெகுநேரம் இருந்தால் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து டாக்சி பிடிப்பது லாபம்.

விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்கள் விமான நிலைய மெட்ரோவில் அதிவேக ரயில் நிலையம் (ஏ18) வரை வரலாம். கட்டணம் 35 டாலர், சுமார் 20 நிமிடம். அங்கிருந்து டாஷி போகும் பேருந்தை விசாரியுங்கள். இடையில் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும் விமான மாற்றத்தில் இதை முயல வேண்டாம். பெட்டி வைக்க இடம் தேட வேண்டும், குடிவரவு வரிசை வேறு.

6. காவலர் மாற்றமும் சமாதியும்

முகப்பிலேயே பார்வையாளர் மையம். கழிப்பறைக்கு இங்கேயே போய்விட்டு, இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று அடுத்த காவலர் மாற்றம் எத்தனை மணிக்கு? உள்ளறை திறந்திருக்கிறதா? 2018-க்குப் பிறகு இரண்டாவது கேள்விக்கான பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மூடியிருந்தாலும் வெளியே நடக்கும் அணிவகுப்பைப் பார்க்கலாம், ஏமாற்றம் இராது.

மையத்திலிருந்து சமாதி வரை ஏரியோரமாகப் பத்துப் பதினைந்து நிமிட நடை. பாதை பெரும்பாலும் சமதளம், சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் சிரமம் குறைவு. காவலர் மாற்றம் மணிக்கொரு முறை, மணி அடிக்கும் நேரத்தில் தொடங்கும். அப்படியானால் மையத்திலிருந்து அரை மணி முன்னதாகக் கிளம்பினால்தான் முன்வரிசை. மணி அடிக்கக் கால் மணி நேரமே இருக்கும்போது மையத்துக்குள் நுழைந்தவர்கள் ஓட வேண்டியிருக்கும், ஓடினாலும் தலைகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கனமழையில் அணிவகுப்பு நடக்காது.

மெருகேற்றிய தலைக்கவசம், கத்தி பொருத்திய எம்-1 துப்பாக்கி, தரையில் தட்டினால் ஓசை எழும் லாடம் அடித்த காலணி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் முறை மாற்றி இந்தப் பணிக்கு வருகின்றன, சீருடை நிறத்தில் வேறுபாடு தெரியும். அணிவகுப்பு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அசையாமல் நிற்கும் காவலரிடம் உதவியாளர் ஒருவர் வந்து, சட்டை மடிப்பை இழுத்துச் சரிசெய்து, நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார். காவலர் கண்கூட அசையாது. படம் எடுக்கலாம், ஆனால் கயிற்றைத் தாண்டக் கூடாது, பக்கத்தில் போய் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது.

சமாதி என்றால் பெரிய கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். நடுவில் முற்றம் விட்டு நான்கு பக்கமும் கட்டிய ஒற்றைத்தள வீடு. நடுக்கூடத்தில் கறுத்த கற்பேழை, முன்னால் மலர்களால் ஆன சிலுவை. தொப்பியைக் கழற்றுங்கள், கைபேசியை மௌனத்தில் வையுங்கள், உள்ளே படம் வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் குனிந்து வணங்குவார்கள். விருப்பமில்லாவிட்டால் பேசாமல் நின்று நகர்ந்தால் போதும். இந்த மனிதரைப் பற்றித் தைவானில் கருத்து இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பக்கத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் உரக்க விமர்சிப்பதும் வேண்டாம், புகழ்வதும் வேண்டாம்.

7. சிலைப் பூங்கா

பலர் இதைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் எட்டிப் பார்க்கிறார்கள். தப்பு. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், காவலர் மாற்றம் முடிந்த பிறகு சாவகாசமாக வாருங்கள்.

பள்ளி, படைமுகாம், அரசு அலுவலகம் என்று எங்கெங்கோ நின்ற சிலைகள் 200-க்கும் மேல் இங்கே இருக்கின்றன. நின்றவை, உட்கார்ந்தவை, குதிரைமேல் இருப்பவை, மார்பளவுச் சிலைகள். வெண்கலமும் உண்டு, சாயம் பூசிய சிமென்ட்டும் உண்டு. ஓரிடத்தில் மார்பளவுச் சிலைகளை வட்டமாக வைத்திருக்கிறார்கள், ஒரே முகம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கட்டாயம் தேட வேண்டியது தென்தைவான் நகரமான கவ்ஷியுங்கிலிருந்து வந்த பெரிய சிலை. 2007-இல் அங்கே துண்டு துண்டாக அகற்றப்பட்டது. இங்கே ஒட்டி முழுசாக்காமல், துண்டுகளையும் இடைவெளிகளையும் அப்படியே விட்டு எழுப்பியிருக்கிறார்கள். தள்ளி நின்றால் உருவம் சேரும், கிட்டே போனால் பிரியும். இரண்டு தூரத்திலிருந்தும் பாருங்கள்.

சிலைகளின் அருகே எங்கிருந்து வந்தது என்ற குறிப்புப் பலகை உண்டு. பெரும்பாலும் சீனத்தில் இருப்பதால், மொழிபெயர்ப்புச் செயலியில் சீனத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சுற்றினால் பத்தாவது சிலையில் சலிப்புத் தட்டிவிடும். சிலைமேல் ஏறாதீர்கள்.

அரைக்கால் சட்டையோடு வராதீர்கள். இந்தப் புல்வெளிகளில் மிளகுத் தூள் அளவுக்குச் சிறிய கறுப்புப் பூச்சி ஒன்று பகலிலேயே கடிக்கும், முக்கியமாக முழங்காலுக்குப் பின்னால். கடிக்கும்போது தெரியாது, இரவில் தெரியும். பூச்சி விரட்டி எண்ணெயை டாஷி கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

8. நேரம் இருந்தால் டௌலியாவ்

சியாங்கின் மகனும் பின்னாளில் அதிபருமான சியாங் சிங்-குவோவின் உடல், சிஹூவிலிருந்து கொஞ்ச தூரத்தில் டௌலியாவில் வைக்கப்பட்டிருக்கிறது. நடந்தே போகலாம், அரை மணி போல ஆகும். கூட்டம் குறைவு. மதியம் மூன்றரைக்கு மேல் கிளம்பாதீர்கள். இரண்டு இடமும் மாலை 5 மணியோடு முடிந்துவிடும்.

9. சாப்பாடும் செலவும்

சாப்பாட்டுக்கு டாஷி பழைய தெருவுக்குத் திரும்புவது நல்லது. மசாலா போட்டுக் கொதிக்கவைத்த கெட்டி டோஃபுதான் அந்த ஊர்ப் பண்டம். சைவர்கள் கவனிக்கவும்: டோஃபு என்பதாலேயே அது சைவம் அல்ல. பல கடைகளில் இறைச்சி, முட்டை எல்லாம் வெந்த அதே சாற்றுப் பானையில்தான் அதுவும் வேகும். “வோ சி சூ” என்றால் நான் சைவம் என்று பொருள். பலகையில் ஸ்வஸ்திகா குறி உள்ள கடை பௌத்த சைவக் கடை, அங்கே கேள்வியே வேண்டாம். வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

நுழைவு இலவசம் என்பதால் செலவெல்லாம் பயணமும் சாப்பாடும்தான். ஷட்டிலை நம்பிப் போனால் ஈஸிகார்டு விலை உட்பட ஒருவருக்கு 600, 700 தைவான் டாலருக்குள் நாளை முடிக்கலாம். பின் சிஹூவுக்கு மேலே 100. ஒரு தைவான் டாலர் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று இந்திய ரூபாய்.

10. திரும்பும் பேருந்து

சிஹூவில் டாக்சி வரிசை கட்டி நிற்காது, செயலியில் கூப்பிட்டாலும் மலையோரத்தில் உடனே வண்டி அமையாது. காலையில் படமெடுத்த அட்டவணையில் கடைசிப் பேருந்துக்கு முந்தையதைக் குறிவையுங்கள், கடைசியை அவசரத்துக்கு விட்டுவையுங்கள். ஞாயிறு மாலையில் மலையிலிருந்து இறங்கும் பேருந்து நிரம்பி வந்தால் நிற்காமலே போகும். அப்படி நடந்தால் அங்கேயே கை நீட்டிக்கொண்டு நிற்காமல் பார்வையாளர் மையத்தை மூடுவதற்குள் போய் டாக்சி வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். டாஷிவரை வந்துவிட்டால் யோங்னிங் போகும் 710 கிடைக்கும்.